முகம் பார்க்க வந்தவர்கள்

கீழவைப்பாரில் எங்கள் தெருவிலேயே பெரிய டிவி விக்டர் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சினிமா விருது விழாவைப் போடுகிற அன்று, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாங்கள் பெண்கள் எல்லோரும் அங்கே போய்விடுவோம். விழா பார்க்கப் போனோம் என்று சொன்னால் அது பாதிப் பொய். ஜெனோவா பேசுவதைக் கேட்கத்தான் போனோம்.

ஜெனோவா வேம்பார்க்காரி. வளனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, குளத்தூர் சந்தையில் விற்றுவிட்டு, மத்தியானம் திரும்புவாள். வாங்க வருகிறவன் ரொம்ப நேரம் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால், "என்ன அண்ணாச்சி, பொண்ணா பாக்கிய, தட்டு மாத்திருவமா" என்பாள். அவனும் சிரித்துவிட்டு வாங்கிப் போவான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசுவதற்குமுன் தானே இரண்டு கேலி சொல்லி, ஊருக்குப் பேச ஒன்றும் மிச்சம் வைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

விருது யாருக்கு என்பது ஒளிபரப்புக்கு ரொம்ப முன்னாலேயே ஃபோனில் வந்துவிடும். என்றைக்கோ நடந்து முடிந்த விழாவை வெட்டி ஒட்டி, இடையிடையே விளம்பரத்தைத் திணித்துப் போடுவார்கள். ஆனாலும் கவரைப் பிரிக்கும்போது டமடமவென்று கொட்டி நம்மை நெஞ்சைப் பிடிக்கச் சொல்வார்கள். "நேத்து செத்த மீன இன்னைக்குத் துள்ளுதுன்னு விக்கான்" என்பாள் ஜெனோவா. விருது வாங்குகிற நடிகர், தனக்கா என்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தால், "மேடைக்குப் போக வசதியா ஓரத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டு, தெரியாதமாதிரி முழிக்கான் பாரு. அவார்ட இதுக்குக் குடுக்கலாம்" என்பாள். பார்வையாளர் வரிசையில் ஒரு வயதான நடிகர் கண்ணைத் துடைப்பதை ஒரே விழாவில் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். தாய்ப்பாட்டுக்கு அழுத அதே அழுகையை ஒரு குத்துப்பாட்டுக்கும் அழுதாராம். சிறந்த நாயகன், மக்கள் விரும்பிய நாயகன், நம்பிக்கை நாயகன் என்று விருது நீண்டுகொண்டே போனால், "சந்தையில மிஞ்சுன பொடி மீனக் கூறு போட்டுத் தள்ளிவிடுத மாதிரி" என்பாள்.

வளன் வாசல் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவன் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். சங்கு குளிக்கிறவன். சீசனில் தூத்துக்குடிக்குப் போய்ப் படகேறுவான், மற்ற நாளில் இங்கேயே வலை. மூச்சடக்குவதில் இந்தக் கரையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று விக்டர் அண்ணனே சொல்வார். அவரும் சங்கு குளித்தவர்தான்.

அந்த மூச்சுக்காகத்தான் சினிமாக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். கடலில் தொலைந்த தம்பியை அண்ணன் தேடுகிற கதை. கரை ஒதுங்கிய தம்பியின் உடலாகப் படுக்க, நெஞ்சு அசையாமல் வெகுநேரம் கிடக்கிற ஆள் வேண்டியிருந்தது. வளனுடைய அம்மா மிக்கேலம்மாள், உயிரோடு இருக்கிறவன் பிணமாகப் படுக்கக் கூடாது என்று ஒப்பாரி வைக்காத குறையாகச் சண்டை பிடித்தாள். ஜெனோவாதான் மாமியாரைச் சமாதானம் செய்தாள்.

"வீட்லயும் அப்படித்தான மாமி கெடக்காரு. அங்கன கெடந்தா பிரியாணியாவது போடுவான்."

சென்னையிலிருந்து வந்த மேக்கப்காரர் காலையிலிருந்து அவன் முகத்தில் வேலை பார்த்தாராம். உதவிக்கு விக்டர் அண்ணன் கூடப் போயிருந்தார். ஜெனோவா போகவில்லை, அன்று சந்தை நாள். படம் வெளிவந்து, நாங்கள் யாரும் பார்க்குமுன் வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போனது. ஃபோனிலும் வரவில்லை, ஏதோ வழக்கு என்றார்கள். "திருடிப் போடக்கூட ஆளில்லாத படம்" என்று வளனிடமே சொல்லிக் கேலி செய்தாள். அதற்கும் அவன் தோள்தான் குலுங்கியது.

போன கார்த்திகையில் வளன் போன படகு காற்றில் கவிழ்ந்தது. மற்றவர்கள் கிடைத்தார்கள். வளன் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் வந்து தேடியது. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் ஊர்க்காரர்கள் படகு கொண்டு தேடினார்கள். ஒரு சட்டைகூட ஒதுங்கவில்லை.

மாதங்கள் போனபின் மிக்கேலம்மாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மகனின் ஆத்துமத்துக்கு ஒரு அடக்கப் பூசை வைக்க வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் அவன் பேருக்கு ஒரு குருசு நட வேண்டும் என்று ஆரம்பித்தாள். ஜெனோவா சம்மதிக்கவில்லை. பெண்டாட்டி மறுக்கும்போது எப்படி வைப்பது என்று பங்குச் சாமியார் தயங்கினார்.

எங்கள் ஊரில் பெட்டியை மூடுவதற்குமுன் உபதேசியார், "முகம் பாக்கவங்க பாத்துக்கிடுங்க" என்று குரல் கொடுப்பார். எவ்வளவு சண்டைக்காரனும் அந்த நேரம் வந்து முகம் பார்த்துவிட்டுப் போவான். அதன்பிறகுதான் மூடி, ஆணி, மண் எல்லாம்.

"முகம் பாக்காம நான் மண்ணு அள்ளிப் போட மாட்டேன் மாமி" என்றாள் ஜெனோவா. மாமியார் எத்தனை தடவை கேட்டாலும் அவள் பதில் அதுதான். அவள் அழவும் இல்லை. சந்தைக்குப் போனாள், வந்தாள், கேலி பேசினாள். கல்மனசுக்காரி என்று சிலர் சொன்னார்கள்.

இந்த வருஷம் விழா நடந்து முடிந்த மறுநாள், அந்தப் படத்துக்கு இங்கே ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் விக்டர் அண்ணனுக்கு ஃபோன் பண்ணினான். சிறந்த ஒப்பனைக்கு அந்தப் படத்தையும் பரிந்துரை செய்திருந்தார்களாம். அரங்கத்தில் பெரிய திரையில் வளன் முகத்தைக் காட்டினார்களாம். டிவியில் வருமா, வெட்டிவிடுவார்களா என்பது அவனுக்குத் தெரியவில்லை.

செய்தி கேட்டு மிக்கேலம்மாள் நேரே மருமகளிடம் போனாள்.

"முகம் பாக்கணும்னு கேட்டேல்லா. டிவியில காட்டுதானாம். பாத்துட்டு எம் புள்ளய அடக்கம் பண்ண விடு."

ஜெனோவா அரிவாள்மணையை விட்டு நிமிராமல், "காட்டுனா விடுதேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது யாரும் சொல்லிவைத்துப் போகவில்லை, ஆனால் எல்லோருமே கோயிலுக்குக் கட்டுகிற வெளிர்நிறச் சேலையில் வந்திருந்தோம். துக்க வீட்டுக்குப் போகிற கை பழக்கத்தில் மெழுகுதிரி எடுத்து வந்துவிட்டது. விக்டர் அண்ணனின் மனைவி செலஸ்டின் ஒன்றை டிவி பக்கத்திலேயே ஏற்றிவைத்துவிட்டாள். மிக்கேலம்மாள் செபமாலையோடு முன்னால் நாற்காலியில் இருந்தாள். ஆண்கள் வாசலில் நின்றார்கள். ஜெனோவா வழக்கம்போல் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மெழுகுதிரி எதுக்குக்கா, கரண்டு போனா தடவாமப் பாக்கதுக்கா?"

"சும்மா இரு ஏளா" என்றாள் செலஸ்டின்.

அன்று ஜெனோவா எந்த வருஷத்தையும்விட அதிகமாகப் பேசினாள். தொகுப்பாளன் அட்டையைப் பார்த்து வாசித்த நகைச்சுவைக்கு அவனே முதலில் சிரித்தபோது, "பாவம், வேற யாரும் சிரிக்க மாட்டாவன்னு தெரியும்" என்றாள். ஒரு நடிகைக்குக் கவர் பிரியாமல் சண்டித்தனம் பண்ணியது. "பல்ல வச்சுக் கடிளா, ஷாம்பு பாக்கெட்டப் பிரிக்காதவளா நீ" என்றாள். ஒரு நாயகன் ஏழைகளுக்காகக் குரல் தழுதழுத்தபோது, அவன் கோட்டு இறுக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்றாள். நாங்கள் சிரித்தோம். துக்கத்துக்கு வந்த சேலையில் இருந்துகொண்டு சிரித்தோம். மிக்கேலம்மாள் மட்டும் மணி உருட்டுவதை நிறுத்தவில்லை.

வெளியே வெயில் தாழ்ந்துகொண்டே வந்தது. ஆட்டம், பாட்டு, விளம்பரம். திடீரென்று பாட்டு மாறி, திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, சண்டைப் பயிற்சி என்று விருது வாங்கியவர்களை வேகமாக ஓட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் முகத்திலும் கண் நிற்க முடியவில்லை.

"முடிச்சுட்டானா" என்றாள் செலஸ்டின். "ஏங்க, ஒப்பனைய இதுக்குள்ளயே ஓட்டிட்டானா?"

விக்டர் அண்ணன் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இல்ல, அதுல வரல. பொறு."

ஜெனோவா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

விளம்பரம் முடிந்தது. அந்த வருஷம் பேர் வாங்கிய ஒரு நாயகி மேடைக்கு வந்தாள். சிறந்த ஒப்பனைக்கான விருதை அவள் கையால் கொடுப்பதாக இருந்ததால், அதை வெட்ட அவர்களுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. ராஜா காலத்துப் படம் ஒன்று வந்தது. அடுத்தது ஒரு பேய்ப் படம். மூன்றாவதாக எங்கள் கடற்கரை வந்தது.

காலிலிருந்து மேலே போனது கேமரா. நனைந்த கைலி, ஊதிய வயிறு, மணல் அப்பிய நெஞ்சு. பிறகு முகம். நீலம் பாரித்து, கண்ணிமை வீங்கி, உதடு வெடித்து. முதலில் எங்களுக்கு யாரோ மாதிரித்தான் இருந்தது. அண்ணனாக நடித்தவர் குனிந்து நெற்றி மணலைத் துடைத்துவிட்டார். துடைத்ததும் அது வளன்.

மிக்கேலம்மாள் எழுந்துவிட்டாள். பெட்டிக்கு முன்னால் செய்வதைப் போலவே குருசு போட்டு, விரலை முத்தமிட்டு, திரையை நோக்கி நீட்டினாள். நாங்களும் எழுந்தோம். ஜெனோவா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை ஊன்றி, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு அசையவில்லை. வயிறு அசையவில்லை. ஆனால் தொண்டைக்குழி ஒரு தடவை மெதுவாக உள்ளே வாங்கியது. கடலடியில் இருக்கிறவனுக்கு மூச்சு தீரும்போது அப்படித்தான் வாங்கும். மறுபடி வாங்கியது. இப்போது மூச்சு விட்டுவிடுவான் என்று இருந்தது. அதற்குள் நாயகி வந்து சிரித்தபடி கவரைப் பிரித்தாள்.

விருது பேய்ப் படத்துக்கு.

யாரும் உட்காரவில்லை. மிக்கேலம்மாள் திரும்பி, "பாத்துட்டியாளா" என்று கேட்டாள்.

ஜெனோவா அவளைப் பார்க்கவில்லை. "விக்டர் அண்ணே, அன்னைக்கு நீங்க பக்கத்துலதான நின்னிய?"

"நின்னேன்."

"தொண்டைக்குழி உள்ள வாங்குச்சு. பாத்தியளா?"

"பாத்தேன்மா."

"அவருக்கு முடியல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சு விட்டிருப்பாரு."

"விட்டான் ஜெனோவா. டைரக்டர் கட்டுன்னு சொன்னதும் பெருசா இழுத்து விட்டுட்டு எந்திரிச்சு உக்காந்தான். மூக்கு வீங்கித் தெரிய உள்ள வச்ச பஞ்சப் பிடுங்கிப் போட்டுட்டு, டீ இருக்கான்னு கேட்டான்."

"அத டிவிக்காரன் காட்டலியே அண்ணே."

மேடையில் பேய்க்கு மேக்கப் போட்டவர், தன் அம்மாவுக்கும் தயாரிப்பாளருக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பாட்டைப் போட்டு அவரை விரட்டினார்கள். அந்த நிலைமையிலும் எங்களுக்கு ஜெனோவா இதற்கு என்ன சொல்லப் போகிறாள் என்று காது அந்தப் பக்கம் போனது. அவள் எழுந்து போய் மாமியார் பக்கத்தில் நின்றாள்.

"பாத்துட்டேன் மாமி. சாமியாருட்டச் சொல்லிருங்க. பூசைய வச்சிரலாம்."

இத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மிக்கேலம்மாள் மருமகளோடு மல்லுக்கட்டினாள். இப்போது வார்த்தை வந்ததும் ஜெனோவாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளு பொறுப்பமாளா."

"என்ன மாமி?"

"அவனுக்கு மூச்சு இருந்துச்சுல்லா. நீயே சொன்னேல்லா, தொண்டைக்குழி வாங்குச்சுன்னு. நானும் பாத்தேன். உசிரோட இருக்கவனுக்கு எப்படிளா பூச வைக்கது? பொறுப்போம். கிறிஸ்மஸ் முடியட்டும்."

செலஸ்டின் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஜெனோவா மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு கோணியது. ஏதாவது கேலியாகச் சொல்லி இதையும் சமாளித்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் குரல் சந்தையில் எங்களுக்குத் தெரிந்த குரலாக இல்லை.

"அது அப்ப, மாமி."

"மூச்சு இருந்துச்சுளா."

"அப்ப இருந்துச்சு. எந்திரிச்சாரு, டீ குடிச்சாரு, வீட்டுக்கு வந்தாரு. அந்த மூஞ்சியோடதான் வந்து என்னப் பயங்காட்டுனாரு. நான்தான சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்." அவள் ஒரு கையால் மாமியாரின் தோளை அணைத்துக்கொண்டாள். "இப்ப இல்ல மாமி."

கிழவி அதைக் கேட்காதவள்போல் திரையைப் பார்த்தாள். அங்கே அடுத்த ஆட்டத்துக்கு விளக்கு மாறிக்கொண்டிருந்தது. "திரும்பப் போடுவானா விக்டரு" என்று கேட்டாள்.

விக்டர் அண்ணன் பதில் சொல்லுமுன் ஜெனோவா, "போடுவான், போடுவான். ஆனா அதே எடத்துலதான் நிப்பாட்டுவான்" என்றாள். குனிந்து மாமியாரின் செருப்பைத் தேடி எடுத்து, கால் பக்கத்தில் நேராக வைத்தாள்.

"வாங்க மாமி. சாமியாரு சாயந்தரச் செபத்துக்குப் போறதுக்குள்ள பாத்துருவம்."