வெள்ளிக்கிழமை நெருப்பு

நான் முதன்முதலில் வேலைக்குப் போனபோது என் அம்மா எனக்குச் சேலை வாங்கித் தரவில்லை. ஒரு திரி ஸ்டவ் வாங்கித் தந்தாள். எழுபதுகளின் கடைசி அது. குரும்பலூர்ப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து ஆசிரியப் பயிற்சி முடித்த முதல் பெண் நான். விக்கிரமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சிற்றூரில், ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. பஸ் ஏற்றிவிட வந்த அம்மா ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"யாரு வூட்டு வாசல்லயும் போயி நெருப்புக்கு நிக்காத."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் விடிந்ததும் கூலிக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் திரும்பும்போது எந்த வீட்டு அடுப்பிலும் கங்கு மிஞ்சியிருக்காது. அம்மா மேலத்தெருவில் ஒரு வீட்டு வாசலுக்குப் போய் எட்டி நிற்பாள். அந்த வீட்டு அம்மா கரண்டியில் தணலை அள்ளிவந்து மண்ணில் கொட்டுவாள். கைக்குக் கை கொடுத்தால் தீட்டாம். அம்மா குனிந்து வரட்டித் துண்டால் அதைத் தள்ளி எடுத்துக்கொள்வாள். கொடுக்க மனமில்லாத நாளில், "இன்னைக்கு வெள்ளிக்கெழமடி, வெளக்கு வச்சாச்சி" என்று பதில் வரும். புதன்கிழமைகூட அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ஆகிவிடும். அம்மாவுக்குக் கிழமை தெரியாது என்று நினைத்தார்களா, தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்தார்களா, தெரியாது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்ற எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

புது ஊரில் எனக்கு ஒரு வீட்டின் பின்கட்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகளைத் திருமானூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். முதல் நாளே கேட்டுவிட்டாள். "நீங்க என்ன ஆளுங்க டீச்சர்?" நான் மறைக்காமல் சொன்னேன். அவள் "ம்" என்றாள். பிறகு சாவியைக் கொடுத்தாள்.

அந்த "ம்"மைப் பல மாதம் நான் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் சம்மதம் இருந்ததா, வேறு வழியில்லையே என்ற அலுப்பு இருந்ததா, ஒன்றும் பிடிபடவில்லை. அறைக்குத் தனி வாசல், சந்துப் பக்கமாக. அது டீச்சருக்குத் தந்த மரியாதையா, உள்ளே வராமலிருக்கச் செய்த ஏற்பாடா என்பதும் தெரியவில்லை. கேட்டால் தெரிந்திருக்கும். நான்தான் கேட்கிற ஆளில்லையே.

சாயங்காலம் ஆனால் அந்தத் தெருவில் நெருப்பு நடமாடத் தொடங்கும். முதலில் யார் வீட்டில் புகை எழும்புகிறதோ அந்த வீட்டுக்கு மற்றவர்கள் போவார்கள். கொட்டாங்குச்சியிலும் கரண்டியிலும் வரட்டித் துண்டிலும் தணல் வீடு வீடாகப் போகும். வீட்டுக்கு வீடு தீப்பெட்டி இருந்தது, ஆனால் அதைத் தொடுவதென்றால் அவர்களுக்கு மனசு வராது. நெருப்பு வாங்கப் போகிறவள் சும்மா திரும்புவதில்லை. என்ன குழம்பு, யாருக்குக் காய்ச்சல், எந்த மாடு கன்று போட்டது, எல்லாம் பேசி முடித்துத் தணல் சாம்பல் பூத்த பிறகுதான் திரும்புவாள். ஊதிக்கொண்டே நடப்பாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரு தீக்குச்சி போதும், ஸ்டவ் நீலமாக எரியும், கால் மணி நேரத்தில் சோறு ஆகிவிடும். அதற்குப் பிறகு பேச ஆளில்லாத சாயங்காலம் மொத்தமும் மிச்சமாகக் கிடக்கும். அம்மா எனக்கு மானத்தை வாங்கித் தந்திருந்தாள். அதோடு இதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு ஆதிமனிதன் பாடம் நடத்தினேன். புத்தகத்தில் ஒரு படம். உடம்பெல்லாம் மயிரோடு ஒரு ஆள் குகை வாசலில் குந்தி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இரண்டு கற்களைத் தட்டிக்கொண்டிருக்கிறான். பொறி பறக்கிறது. கீழே 'மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்' என்று எழுதியிருந்தது. சக்கரம், மண்பானை, கல்கோடரி எல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில். பிள்ளைகளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஏரியில் மண் வெட்டும்போது கிடைத்த பானை ஓடுகளை மறுநாளே அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் கொட்டினார்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக வழவழவென்று இருந்தன. அந்த ஏரிக்கரையில் பெரிய தாழிகள் புதைந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். செத்தவரை வைத்துப் புதைத்த தாழிகள். அவற்றுக்குள்ளும் ஒரு சின்னச் சட்டி இருக்கும். செத்தவருக்குக்கூடத் துணைக்கு ஒரு சட்டி வைத்து அனுப்பியவர்கள் அவர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

பிறகு நெருப்புப் படத்துக்கு வந்தோம். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"எதுக்கு டீச்சர் அந்தாளு கல்லத் தட்டிக்கிட்டுக் கெடக்கான்? பக்கத்து வூட்டுல போயி வாங்கிக்க வேண்டியதுதான?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அப்ப பக்கத்து வூடே கெடையாது" என்றேன்.

அவள் விடவில்லை. "பாவம் டீச்சர்" என்றாள். நிஜமாகவே அவள் முகம் வாடிப்போயிருந்தது.

அன்று முழுவதும் அந்தப் "பாவம்" எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. புத்தகம் எழுதியவருக்குத் தோன்றாதது அந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு ஆள் தனியாக நெருப்பை வைத்துக்கொள்ள முடியாது. அவன் தூங்கும்போது யாராவது விறகு தள்ள வேண்டும். அவன் வேட்டைக்குப் போனால் யாராவது காவல் இருக்க வேண்டும். அணைந்தால் இன்னொருவரிடம் போய்க் கேட்டாக வேண்டும். கல்லைத் தட்டிப் பொறி எடுத்தது பெரிய விஷயம்தான். ஆனால் முதன்முதலாக ஒருத்தி இன்னொருத்தியிடம் போய், கொஞ்சம் நெருப்பு கொடு என்று கேட்டாளே, கேட்டதும் மற்றவள் கொடுத்தாளே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த வாரம் ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை. ஸ்டவ் அணைந்துவிட்டது. இரண்டு நாள் பொரியும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். அறைச் சுவரோரம் மூன்று கல் வைத்து அடுப்பு கூட்டிச் சுள்ளியும் பொறுக்கி வைத்தேன். பெட்டியில் நாலு தீக்குச்சி மீதமிருந்தது. அதைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. அந்தக் குழந்தை சொன்னதுதான் காரணம். என்னதான் ஆகிவிடும், போய்க் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு முரட்டுத் தைரியம் வந்தது. பொழுது சாய்ந்ததும் தேங்காய் நாரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கார அம்மாவின் கொல்லை வாசலுக்குப் போனேன். கால் தானாகவே எட்டி நின்றது.

"கொஞ்சம் நெருப்பு குடுங்க அக்கா."

அவள் அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கணம் தயங்கினாள். "வெள்ளிக்கெழமயாச்சே டீச்சர். வெளக்கும் வச்சாச்சி. நெருப்பு குடுக்க மாட்டமே" என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமைதான். அது எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் விழுந்தது குரும்பலூர் மேலத்தெருக் குரல். அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா சொன்ன சொல்லை மீறிப் போய் அதே வாசலில் நானும் நின்றுவிட்டேன் என்று அழுதேன். நன்றாக அழுதேன். சிறிது நேரம் கழித்துக் கதவைத் தட்டி அவள் இரண்டு தோசை கொண்டுவந்தாள். பசியில்லை என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு அந்த அம்மாவிடம் நான் சரியாகப் பேசவில்லை. வாடகை கொடுப்பேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் தீர்ந்துவிடாதபடி சேர்த்து வைத்துக்கொண்டேன். தீப்பெட்டியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். சாயங்காலங்களில் இன்னொரு பைத்தியமும் பிடித்துக்கொண்டது. ஓடையில் பொறுக்கிய இரண்டு வெங்கச்சங்கற்களை வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். இருட்டில் தட்டினால் கல்லுக்குள்ளேயே பொறி மின்னும், கருகிய வாடை வரும், ஆனால் பஞ்சு பற்றாது. விரல் கன்றிப்போனதுதான் மிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா, "டீச்சர் என்னமோ ஒடைக்கிறாங்க" என்று யாரிடமோ சொல்வது கேட்கும். நெருப்பு கேட்கப் போகாமல் பிழைக்க முடியும் என்று எனக்கே நிரூபித்துக்காட்ட வேண்டும் போலிருந்தது. பாடப்புத்தகத்து ஆள் ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள், பஸ் நின்றுவிட்டது. வரட்டியெல்லாம் கரைந்துபோனது. தெருவில் தீப்பெட்டிகள் நமுத்துப்போயின, இருந்த ஒரே கடையும் மூடிக்கிடந்தது. திருமானூர் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து, குழந்தை பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. நாலாம் நாள் அந்தி நேரத்தில் தெருவில் ஒரு வீட்டிலும் புகையில்லை. என் ஸ்டவ் மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது.

கதவு தட்டினார்கள். திறந்தேன். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கார அம்மா நின்றாள். முந்தானைக்குள் நனையாமல் ஒரு தேங்காய் நார்ச் சுருள். பரணில் கிடந்ததாக இருக்கும்.

"டீச்சர், செத்த நெருப்பு குடுங்களேன். அடுப்பு அவிஞ்சி போச்சி. பச்சப்புள்ளைக்கு வெந்நி வைக்கணும்."

எனக்கு நாக்கு துடித்தது. ஆறேழு வாரமாக அதைத்தான் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன் போலிருக்கிறது. பின்னால் சாமி படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமயாச்சேக்கா. வெளக்கு வச்சிட்டேன்."

அவள் முகம் சுருங்கும், அதைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட ஆமால்ல! மழயில கெழமயே மறந்து போச்சி பாருங்க. நல்ல வேள சொன்னீங்க. ஒண்டியா ஒரு குடும்பத்த நடத்துறீங்க, உங்க வூட்டு லட்சுமிய நான் எடுத்துட்டுப் போவலாமா? நாளக்கி விடிஞ்சி வந்து வாங்கிக்கறேன்."

திரும்பி மழையில் இறங்கிப் போய்விட்டாள். முகத்தில் துளி வருத்தமில்லை. நார்ச் சுருளை மறுபடியும் முந்தானைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு போனாள்.

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அந்த அறையை வீடு என்று நான்கூட ஒரு நாளும் நினைத்ததில்லை. அதில் ஒரு லட்சுமி இருக்கிறாள், அவளைப் போகவிடக்கூடாது என்று இந்த அம்மா பச்சைக்குழந்தையின் வெந்நீரை விட்டுவிட்டுப் போகிறாள். அன்றைக்கு அவள் சொன்ன வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளிக்கிழமைதான். அதில் வேறு ஒன்றுமே இருந்ததில்லை. இன்றைக்கு நான் சொன்ன வெள்ளிக்கிழமைதான் குரும்பலூர் மேலத்தெருவிலிருந்து வந்தது.

குழந்தை மறுபடியும் அழுதது. நெருப்பைத்தான் தரக்கூடாது. இருந்த பெரிய குண்டானில் தண்ணீர் நிரப்பி ஸ்டவ்வில் ஏற்றினேன். கொதித்ததும் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினேன். கொல்லை வாசலில் என் கால் பழையபடி எட்டி நின்றுவிட்டது. குண்டானைக் கீழே வைக்கக் குனிந்தேன்.

"அங்கயே ஏன் நிக்கிறீங்க? ஆறிப்போயிரும், உள்ள கொண்டாங்க டீச்சர்" என்றாள். அவளே வந்து என் கையிலிருந்து குண்டானை வாங்கினாள். அன்றுதான் அந்த வீட்டுக்குள் முதன்முதலாகப் போனேன். குழந்தையைக் காலில் போட்டு அவள் குளிப்பாட்ட, நான் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

மறுநாள் விடிந்ததும் என் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கையில் நாரும் துணியுமாக நின்றார்கள். தெரு முழுக்க என் ஸ்டவ்விலிருந்து அடுப்பு மூட்டியது. வீட்டுக்கார அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "படிச்ச புள்ள, இருந்தாலும் பாருங்களேன், இந்த மழயிலயும் வெள்ளிக்கெழமய மறக்கல. நெருப்பு குடுக்காம வெந்நிய வச்சிக் கொண்டாந்து குடுத்திச்சி. யாருக்கு வரும் இந்த ரோசன?" அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்குத் தனி மரியாதை. நெருப்பு என் வாசலுக்கும் வந்துபோக ஆரம்பித்தது, பேச்சும் கூடவே வந்தது.

இன்னும் மூன்று வருஷம் அங்கே இருந்தேன். அவள் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்பதை அவளிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைப்பேன். மாற்றல் வந்து பஸ் ஏறிய அன்றும் ஊருக்கு வந்திருந்த பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று அவள் அதையேதான் சொன்னாள். ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.