முறுக்கு அச்சும் முதல் விதியும்

அரிமளம் பக்கம் எங்கள் ஊரில், ஊராரும் பள்ளிக்கூடமும் சேர்ந்து ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறோம். அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்திய பாவத்துக்கு, ஓய்வுபெற்ற என்னையே இதற்கும் விதி எழுதச் சொன்னார்கள். பதிவேட்டில் ஏறிய பொருள் வெளியே போகக் கூடாது என்று முதல் விதியை எழுதினேன்.

மறுமாதமே எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றார். திறப்புவிழா உற்சாகத்தில் தன் மர முறுக்கு அச்சைக் கொடுத்தவர். இப்போது மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டுக்கு முறுக்கு கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்கிய அச்சில் மாவு பக்கவாட்டில் பிதுங்குகிறதாம்.

"என் அச்சை எடுக்க நான் ஒங்ககிட்ட மனுப் போடணுமாண்ணே?"

"போட்டாலும் கெடைக்காது ஆத்தா."

"அப்ப சம்பந்தி வீட்டுக்கு ஒங்க விதியவே பிழிஞ்சு கொண்டுபோகவா?"

நியாயமான கேள்வி. கல்விப் பயன்பாட்டுக்கென்றால் பொருள் ஒரு நாள் வெளியே போகலாம் என்று அதே பக்கத்தின் அடியில் நானே எழுதியிருந்தேன். மறுநாள் ஏழாம் வகுப்பு முழுவதும் ஆசிரியையோடு அவர் வீட்டில் 'நம் ஊர்ப் பலகாரம்' படித்தது. பிள்ளைகள் அச்சை வரைந்தார்கள், கை வலிக்கப் பிழிந்தார்கள், சுட்டதையெல்லாம் தின்று தீர்த்தார்கள். ஆசிரியையும் நானும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே தின்றோம்.

மாலையில் அச்சைத் திரும்ப வாங்கப் போனேன். அவர் வெறும் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார்.

"சம்பந்திக்கு ஒண்ணுகூட மிச்சமில்ல. நாளைக்கும் பாடம் இருக்குன்னு எழுதுங்க. பிள்ளைக வேணாம்."

எழுதினேன். மாணவர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். மறுநாள் உட்கார்ந்து பிழிந்த மாணவன் நான்தான்.