பூனை அத்தையும் இரண்டு அளவு பெரிய ஜாக்கெட்டும்

பூனை அத்தை என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை பேரன் வாயால். ஏரியில் துடுப்புப் படகு பழகப் போனவன் ஈரத் தலையோடு வந்து நின்று, "பூனை அத்தை என்னைத் தூக்கிப் பார்த்தாங்க, நான் பாஸ்!" என்றான். வீடு நிறையப் பூனை வளர்க்கிறவள் யாரோ, பையன் மேலெல்லாம் பூனை முடியோடு வந்திருக்கிறான் என்று நினைத்து நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

விசாரித்தால் சங்கதியே வேறு. படகுத்துறையில் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயராம் அது. ஜிப்பை ஏற்றி, பட்டைகளை இறுக்கி, கால் நடுவே போகிற பட்டையையும் பூட்டிவிட்டு, ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து ஆளை அப்படியே மேலே தூக்குவாளாம், தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்குகிற மாதிரி. பிள்ளையும் கூடவே வந்தால் அளவு சரி. ஜாக்கெட் மட்டும் காதுக்கு மேலே ஏறிக்கொண்டு பிள்ளை உள்ளே நழுவினால் அது பெரிசு, கழற்று.

யாரடா இவள் என்று துருவினால் நம்ம சொந்தம்தான். என் பெரியப்பா மகளுக்கு நாத்தனார் ஒருத்தி உண்டு, அவளுடைய இளைய மகள். எனக்கு மருமகள் முறை ஆகவேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக ஓர் அறை எடுத்து இருந்தாள். அவளுக்கென்று போக வர இருந்த ஒரே வாசல் அண்ணன் வீட்டு வாசல். அங்கே அண்ணனுக்கு மூன்று பையன்கள், அதற்குப் பிறகு இடைவெளி விட்டு ஒரு பெண். அந்தச் சின்னவள் என்றால் இவளுக்கு உயிர்.

ஆனால் அண்ணிக்காரி ரோஷக்காரி. ஒருமுறை விருந்தாளிகள் நிறைந்திருக்கும்போது, "மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லையே அண்ணி, பிள்ளைங்க விழுந்துடுமே" என்று இவள் வாய் விட்டுவிட்டாள். நாலு பேர் முன்னால் குறை சொல்லிவிட்டாள் என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைப்பிடி என்னவோ மறுவாரமே வந்துவிட்டது. பேச்சு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் சின்னவளைப் பார்க்கப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள் பாவம்.

ஏரிக்கு வருவதற்கு முன்னால் அவள் பிள்ளைகள் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றாள், வெகுகாலம். கடையை முதலாளி மகன் செல்போன் கடையாக மாற்றியபோது வேலை போயிற்று. அழுகிற பிள்ளையின் கையைச் சட்டைக்குள் நுழைக்கிற சாமர்த்தியத்தைப் பார்த்து வைத்திருந்த படகுக்காரர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். முதல் வாரம் துணிக்கடைப் பழக்கத்தில் பெரிய அளவாகவே எடுத்துக்கொடுத்திருக்கிறாள்.

"இதென்ன பள்ளிக்கூடச் சட்டையா? இன்னைக்கு உடம்பைப் பிடிக்கணும்மா, அடுத்த வருஷத்துக்கு இல்ல" என்றாராம் படகுக்காரர்.

பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளிடம் வயதைக் கேட்கமாட்டாள், எடைப் பலகையில் ஏற்றிவிடுவாள். சாயங்காலம் ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, ஜிப்பைத் திறந்துவிட்டு, நிழலில் காற்றாடத் தொங்கவிடுவாள். வெயிலில் போட்டால் துணி நைந்துவிடும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். யாராவது அசந்து ஜாக்கெட் மேல் உட்கார்ந்தால் போச்சு. "எந்திரிங்க சார், அது மெத்தை இல்ல! உள்ள இருக்கற பஞ்சு நசுங்கினா அப்புறம் பிள்ளையை எது தூக்கும்?" கிளிப் உடைந்தது, தையல் விட்டது எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டித்தான் குப்பையில் போடுவாள். இல்லாவிட்டால் யாராவது பொறுக்கி எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்களாம்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பமே ஏரிக்கு வந்து இறங்கியது. சின்னவளுக்கு முதல் படகுச் சவாரி. அண்ணி கையில் புதுப் பை, பைக்குள் புது ஜாக்கெட். "ஊரார் பிள்ளைங்க போட்டுக் கழட்டினதை என் பொண்ணுக்குப் போடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பூனை அத்தை எட்ட நின்றே பார்த்துவிட்டாள், இரண்டு அளவு பெரிசு.

வரிசையில் முன்னும் பின்னும் பெற்றோர் கூட்டம். வாயைத் திறந்தால் அண்ணன் வீட்டு வாசல் மறுபடியும் அடைபடும். திறக்காவிட்டால் பிள்ளை அந்த ஜாக்கெட்டோடு தண்ணீருக்குப் போகும். அண்ணனைப் பார்த்தாள். அவன் மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

பட்டையெல்லாம் இறுக்கிப் பார்த்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில், "அண்ணி, எனக்குத் தோள் வலி. இன்னைக்கு நீங்களே தூக்கிப் பாருங்களேன்" என்றாள்.

அண்ணி தூக்கினாள். ஜாக்கெட் ஜம்மென்று மேலே ஏறியது. பிள்ளையின் மோவாய், மூக்கு, கண் எல்லாம் உள்ளே போய் உச்சிக் குடுமி மட்டும் வெளியே நின்றது. உள்ளேயிருந்து, "அம்மா, இருட்டா இருக்கு!" என்று குரல் வந்தது.

வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளையை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"எனக்கு யாருடி பெருசா வாங்கச் சொல்லிக் கொடுத்தது? நீதானே! கடையில நின்னுக்கிட்டு, வளர்ற பிள்ளை அண்ணி, ரெண்டு சைஸ் கூட்டியே எடுங்கன்னு வாய் ஓயாம சொன்னியே! என் மூணு பசங்களுக்கும் உன் பேச்சைக் கேட்டுத்தானே எடுத்தேன்! மூத்தவன் பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சான்!"

மீசை முளைத்த இரண்டாமவன் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பேண்ட் அப்புறம் எனக்கு வந்துச்சு அத்தை. எனக்கும் கயிறுதான்."

இப்போது சிரிப்பு இவள் பக்கம் திரும்பியது. அத்தனையும் நிஜம். அந்த ஜாக்கெட்டைப் பிள்ளை மேலிருந்து கழற்றினாள். பிறகு வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஆமா அண்ணி, நான் சொன்னதுதான். தப்பு என்னோடது, உங்களோடது இல்ல. துணின்னா மடிச்சுத் தைச்சுக்கலாம். தண்ணிக்குள்ள விழுந்தா மடிச்சுத் தைக்க யாருக்கு நேரம்? கயிறு கட்டின பேண்ட்டுக்கும் சேர்த்து மன்னிச்சிடுங்க."

அண்ணி கோபத்தைப் பிடித்து வைக்கத்தான் பார்த்தாள். கயிறு என்ற சொல்லில் அது உடைந்து, "பாவி, பேண்ட் அவிழ்ந்து விழுந்து பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆள் அனுப்பினாங்கடி!" என்று அவளே சிரித்துவிட்டாள்.

அப்புறம் என்ன? கொட்டகையிலிருந்து ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்று வந்தது. அண்ணி அதை வாங்கி முதலில் மூக்கருகே கொண்டுபோனாள். நாற்றம் எதுவும் இல்லை. "ம்" என்றாள். பூட்டி, அவளே தூக்கினாள். பிள்ளையும் சேர்ந்து வந்தது, மோவாய் நின்ற இடத்திலேயே நின்றது. பூனை அத்தை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சின்னவளை மல்லாக்க விட்டுக் கையை எடுத்தாள். பிள்ளை தக்கை மாதிரி மிதந்துகொண்டு வானத்தைப் பார்த்துக் காலை உதைத்தது. அதன் பிறகுதான் படகு. படகு திரும்பி வரும்வரை அண்ணி நாத்தனார் கையை விடவில்லை. நகம் பதிந்த தடம் சாயங்காலம்வரை இருந்ததாம்.

புது ஜாக்கெட்டை என்ன செய்வது என்று அண்ணி கேட்டாள். பிள்ளை வளரும்வரை தொங்கவிட்டு வையுங்கள், எதையும் மேலே அடுக்காதீர்கள் என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு மதியம் போய்ப் பார்த்தால் அண்ணன் அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விடுகிறான். இவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே பாய்ந்தாள்: "எந்திரிங்க! அது உங்க மண்டையைத் தாங்கறதுக்கு இல்ல!"

பூனை அத்தை வாடகை அறையைக் காலி செய்துவிட்டாள். இப்போது அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். சனி ஞாயிறு ஏரிக்குப் போகிறாள். மற்ற நாட்களில் கீழே அடுப்படியில் அண்ணியோடு இருக்கிறாள்.