பொடக்காலி எறும்புகள்

இருதயம்மாளைச் சர்க்கரை திருடி என்று சொன்னவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லின் லைன் வீடுகளில் அவளும் நானும் அடுத்தடுத்த வீடு. ஐம்பத்திரண்டில் நான் நூலைச் சுற்றிக் கழி போடும் ரீலிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பக்கத்தில் நின்று வேலை சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். எனக்குப் பத்து வயது மூத்தவள். அக்கா என்பேன், கண்ணு என்பாள். அவள் வாய் இருக்கிறதே, மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். நிறைமாதக்காரி ஒருத்தியை மேஸ்திரி உட்கார விடவில்லை என்று, கையிலிருந்த நூல் கழியை அவன் முகத்திலேயே எறிந்தாள். வேலை போய்விடும் என்று நாங்கள் நடுங்கினோம். அந்த மேஸ்திரிதான் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே பிள்ளை, பாக்கியராஜ். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலைக்குப் போனான். அறுபத்து நான்கு ஆடி மாதம், மழையில் காய்ச்சல் கண்டது. மலையிலிருந்து பஸ்ஸில் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது பத்தொன்பது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஊருக்குப் புரிந்திருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தலை சீவ மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சோறு வைத்தால் ஒரு நாள் தொடமாட்டாள், மறுநாள் சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். தூக்கமே இல்லை. மூன்றாம் மாதம் மில்லில் பேரை அடித்துவிட்டார்கள்.

வீட்டில் அவள் புருஷன் சந்தியாகு. நல்ல மனுசன்தான், ஆனால் நல்ல மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் தங்கச்சி விமலாராணி தாலி அறுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்தவள். சமையற்கட்டு அவள் கைக்குப் போயிற்று.

"இன்னும் எத்தன நாளைக்குத்தான் அண்ணி இப்பிடியே படுத்திருப்பாங்க? சோம்பேறித்தனம் ஒட்டிக்கிச்சுங்க. நாலு ஊட்டுக்குப் போய்வந்தா எல்லாஞ் செரியாப் போவும்" என்பாள்.

எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

தை பிறந்தபோது அவள் பாதியாகியிருந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடித்த கையோடு வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போவாள். வருவாள், மறுபடி குடிப்பாள், மறுபடி போவாள். பிள்ளை போன ஏக்கம், உருக்குகிறது என்றார்கள். சந்தியாகு மில் டிஸ்பென்சரிக்கு ஒரு தடவை கூட்டிப் போனான். கம்பவுண்டர் ரோஸ் கலரில் ஒரு பாட்டில் மருந்து கொடுத்து, "சத்தில்லீங்க, வேறொண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டான். சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று வரிசையில் நின்ற யாரோ கேட்டதற்குச் சிரித்தானாம். அதெல்லாம் கார் வைத்திருக்கிற முதலாளிமாருக்கு வருவது, லைன் வீட்டுக்காரிக்கு எங்கே வரும் என்றானாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவனை நாலு அறை அறையலாம் என்றிருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது என் வாயிலிருந்து வரக் கூசுகிறது. ஆனால் மற்றவர்களை இவ்வளவு வைதுவிட்டு இதை விழுங்கினால் நான் மனுசியே இல்லை.

மாசி மாதம். எங்கள் இரண்டு வீட்டுப் பொடக்காலிக்கும் நடுவே ஒரு தென்னந்தடுக்குத்தான் மறைவு. அந்தப் பக்கம் துவைகல்லுக்கு அருகில், மண்ணில் எறும்பு சாரை சாரையாக மொய்த்துக் கிடந்ததைப் பார்த்தேன். அது ரேஷன் கார்டுக்கு மட்டும் சர்க்கரை கிடைத்த காலம். நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"ஏனுங்க விமலாராணி, உங்கூட்டுச் சக்கரையப் பொடக்காலில கொண்டாந்து கொட்டறீங்களா? எறும்பு இப்பிடி மொச்சுக் கெடக்குது!"

அவள் முகம் மாறிற்று. நேரே உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். குறைந்திருந்ததோ இல்லையோ, குறைந்திருப்பதாக அவளுக்குத் தோன்றிவிட்டது. அடிக்கடி பொடக்காலிக்குப் போவது யார்? எறும்பு மொய்ப்பது எங்கே? கணக்கு நேராகிவிட்டது.

அதில் என்ன பெரிய பழி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும்வரை இனிப்பு கிடையாது. பலகாரச் சட்டி அடுப்பேறாது. வந்தவர்களுக்குக் காபி போடத்தான் அந்த டப்பாவே. பெற்றவள் வாயில் முதலில் இனிப்பு பட்டால்தான் வருசம் முடிந்து துக்கம் முறிந்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால், பிள்ளையை மண்ணில் வைத்த ஆறேழு மாதத்தில், ஒரு தாய் ஒளிந்து நின்று சர்க்கரை தின்றாள் என்றால்?

குழாயடியில் அன்று சாயங்காலமே பேச்சு. "துக்கமாம் துக்கம்! படுத்துக் கெடந்ததெல்லாம் வேசமுங்க." முதலில் அவள் துக்கத்தைச் சோம்பல் என்றார்கள். பிறகு வியாதியைத் துக்கம் என்றார்கள். இப்போது துக்கமே இல்லை, எல்லாம் நடிப்பு என்றாகிவிட்டது. விமலாராணி டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அத்தனை மாதமும் வாய் திறக்காதவள் அன்றைக்குத்தான் பேசினாள். வாசலில் வந்து நின்று, "எம்பட பையன் பாக்கியம் மேல சத்தியமா நாந் திங்கலீங்க" என்றாள். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை நகர்த்தி நகர்த்தித் தண்ணீர் பிடித்தார்கள். என் வார்த்தைதான் இதற்கெல்லாம் வித்து என்று தெரிந்தும், நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பங்குனியில் அவள் காலில் ஆணி குத்திற்று. ஆறவில்லை. யாரிடமும் காட்டவுமில்லை, பழந்துணியைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். நாற்றம் எடுத்த பிறகுதான் சந்தியாகு பதறினான். பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த ஹபீபுன்னிசா அடுத்த வீதியில் இருந்தாள். கட்டுக் கட்ட அவளைக் கூப்பிட்டு வந்தேன். காலைக் கழுவப் பொடக்காலிக்குக் கூட்டிப் போனபோது ஹபீபுன்னிசா தரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த எடத்துல ஒண்ணுக்குப் போறது யாருங்க?"

நான் இருதயம்மாளைக் காட்டினேன்.

"எத்தன மாசமா எறும்பு மொய்க்குது?"

"ரெண்டு மாசம் இருக்குமுங்க."

"ரெண்டு மாசமாப் பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? இது சக்கர வியாதிங்க! ஒடம்புச் சக்கரை ஒண்ணுக்குல போவுது, அதத்தான் எறும்பு திங்குது. இப்பவே வண்டி புடிங்க."

ஆஸ்பத்திரியில் இருதயம்மாளின் மூத்திரத்தை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்தது. வியாதி முற்றியிருக்கிறது என்றார் டாக்டர் அரங்கசாமி. அவள் முகத்தில் பயமே இல்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாந் திங்கலைன்னு ஆச்சுங்களா?" என்று கேட்டாள். பிள்ளை செத்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள்.

சந்தியாகு கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க டாக்டர், துக்கத்துல சக்கர வியாதி வருமுங்களா?" என்றான்.

"துக்கத்தாலதான் வந்துதுன்னு நான் எழுதித் தர முடியாது" என்றார் அவர். "ஆனா மனசு ஒடிஞ்சு படுத்தவங்களுக்கு நடமாட்டமில்ல, தூக்கமில்ல, சாப்பாடு ஒரு நேரங்காலத்துல இல்ல. ஒடம்பும் கெட்டுப்போகுது. இவங்கள மாதிரி நெறையப் பேர்த்தப் பாத்துட்டேன். மனசு ஒடிஞ்சவங்களுக்கு இது வருது, இது வந்தவங்களுக்கும் மனசு ஒடியுது. ரெண்டும் கைகோத்துட்டுத்தான் வருது. படுத்த மொத மாசமே இது ஒரு சீக்குன்னு கூட்டியாந்திருந்தீங்கன்னா இந்தக் கால்வெரலு ரெண்டும் தப்பிச்சிருக்கும்."

இரண்டு விரலையும் எடுத்தார்கள். தினமும் ஊசி என்றார்கள். ஹபீபுன்னிசாதான் வேலைக்குப் போகும் வழியில் வந்து போட்டுவிட்டுப் போவாள். சதை கொஞ்சம் பிடித்தது. பேச்சும் வந்தது. ஆனால் மேஸ்திரி முகத்தில் நூலை எறிந்தவள் திரும்பி வரவில்லை. பழி சொன்ன ஒருத்தியாவது வந்து தப்பு என்று சொன்னாளா? "எங்களுக்கு என்னங்க தெரியும்" என்று கையை விரித்தார்கள். தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டல்லவா இருந்திருக்க வேண்டும்? நானும் போய்ச் சொல்லவில்லை. தினம் இன்றைக்குச் சொல்லலாம் என்று போவேன், சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.

ஆடி வந்தது. வருசப் பூசை முடிந்து வீட்டில் பந்தி போட்டார்கள். விமலாராணி பாயச வாளியோடு வந்து இருதயம்மாளின் இலைக்கு முன்னால் நின்றாள். முறைப்படி பெற்றவளுக்குத்தான் முதலில். பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லாரும் இருதயம்மாளையே பார்த்தார்கள். விமலாராணிக்குக் கை வரவில்லை.

"அண்ணிக்குத்தான் ஆகாதுங்களே" என்று வாளியை நகர்த்தப் போனாள்.

"ஊத்து" என்றாள் இருதயம்மாள்.

சந்தியாகு பதறி எழுந்தான். அவள் ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை. டம்ளரில் வாங்கியதை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பொடக்காலிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். துவைகல்லுக்குப் பக்கத்தில், அதே இடத்தில், பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். எப்போதும் கண்ணு என்று கூப்பிடுகிறவள் அன்றைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சாந்தாமணி, எறும்பு வந்துச்சுன்னா விமலாராணிகிட்டச் சொல்லு. நீதான மொதல்லயும் சொன்ன."