பனியில் செத்தவனும் பொங்கலும்

இன்று கீரனூர் பஸ் ஸ்டாண்டில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? நாடகக் குழு ஆர்மோனியக்காரர் தவமணியை! அவர் சொன்ன கதை இது.

ஒரு ருஷ்யக் குறுநாவலை நாடகமாக்கினார் குழுவின் வாத்தியார் ரெங்கசாமி. பனியில் சிக்கிய வண்டிக்காரன் சாகும்போது சனம் அழ வேண்டும். அழாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் தவமணிக்குப் பதில் கிராமபோன்தான் என்று மிரட்டியிருந்தார். பனி என்றால் தவமணிக்குத் தெரிந்தது மார்கழி. மேடையில் பஞ்சுப் பனி கொட்டியதும், ஜால்ரா அதிர மார்கழி பஜனை மெட்டை எடுத்துவிட்டார். முன்வரிசை மொத்தமும் பஜனைப் பிரசாதத்துக்குக் கை நீட்டியது.

"பொங்கல் எங்கிட்டுய்யா குடுக்குறீங்க?"

செத்துக் கிடந்த வண்டிக்காரனே குலுங்கிச் சிரித்துவிட்டான்.

"கெடுத்திட்டியேய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் வாத்தியார்.

"நம்ம சனத்துக்குப் பனின்னா பொங்கல்தானுங்க. அவன வெயில்ல சாகடிங்க, நான் அழ வைக்கிறேன்" என்றார் தவமணி.

வாத்தியார் அரை மனதாய் ஒத்துக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் அதே வண்டிக்காரன், சித்திரை வெயிலில், கொடும்பாளூர் ரோட்டில் தாகத்தால் சுருண்டு விழுந்தான். தவமணி முகாரியை இழைத்தார். செவந்தி என்றொரு அம்மாள் தேம்பிக்கொண்டே மேடையேறி, "இந்தாப்பா, ஒரு வாய் குடி" என்று பிணத்தின் வாயில் செம்புத் தண்ணீரைச் சாய்த்தார். பிணமும் குடித்தது. கொட்டகையே அழுதது. கேட்ட எனக்கும் கண் நிறைந்துவிட்டது!

சனிக்கிழமை மணமேல்குடியில் ஆட்டம், தவமணியின் ஆர்மோனியத்தோடு. அவசியம் போய்ப் பாருங்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள். செம்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.