சுவரில் நின்ற சித்தப்பா

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு திருவிழா வந்தது. ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் கடையில் தொடங்கி அடிபம்பில் முடிகிற தெரு. நாற்பது வீடு இருந்தால் அதிகம். பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் இருபது பேர் மூட்டை முடிச்சும் பெயிண்ட் டப்பாக்களுமாக வந்து இறங்கினார்கள். தெருவில் இருப்பவர்களோடு சேர்ந்து, தெருவில் கிடைப்பதை வைத்து, மூன்று நாள் கலைத் திருவிழா நடத்தப் போகிறோம் என்றார்கள்.

"எந்த சாமிக்கு?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். சாமிக்கெல்லாம் இல்லை என்று அவர்கள் சொன்னதும், "அப்ப கூழு யாரு ஊத்துறது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

ஆனாலும் இரண்டே நாளில் தெரு அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. டெய்லர் கடையில் வெட்டிப் போட்ட துண்டுத் துணிகளைக் கோத்துத் தெருவின் குறுக்கே கூரைபோலக் கட்டினார்கள். ஓட்டை விழுந்த குடங்களை அடுக்கி ஒரு யானை செய்தார்கள். மாலையானால் அடிபம்படியில் நாடகம். டெய்லரும் அவர் மனைவியும் வீட்டில் போடுகிற சண்டையை, அவர்களையே நிற்கவைத்துப் போட வைத்தார்கள். ஜனங்கள் சிரித்துச் சிரித்துக் கை தட்டினார்கள். டெய்லர் மனைவிக்கு அன்றுமுதல் நடையே மாறிப்போயிற்று.

எனக்குப் பிடித்தது கரி அக்கா. தலைமுடியைக் கிராப்பு வெட்டியிருப்பாள். விரல் பத்தும் எப்போதும் கரியாக இருக்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர். அவளுடைய வேலை சுவரில். காலையில் பனி விலகி வெயில் ஏறியதும், ஒரு வீட்டில் இருப்பவர்களை வரிசையாக அவர்கள் வீட்டுச் சுவர் ஓரமாக நிற்கவைப்பாள். சுவரில் விழும் நிழலைச் சுற்றிக் கரிக்கட்டியால் கோடு இழுப்பாள். அவர்கள் நகர்ந்த பிறகு கோட்டுக்குள் கருநீலப் பெயிண்டை நிரப்புவாள். ஆள் போய்விடுவார், நிழல் சுவரில் நிற்கும். இரண்டாம் நாள் மாலைக்குள் பாதித் தெரு அப்படி இரண்டிரண்டு ஆளாக ஆகிவிட்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு நிழல், லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு நிழல், நாயோடு ஒரு நிழல்.

வெளியூர் போனவர்களையும் அவள் விடவில்லை. எங்கள் மலையில் ஆள் வெளியே போகாத வீடு கிடையாது. ஒருவர் கேரளாவில் இருப்பார், ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். அவர்களுக்குப் பதிலாக அவர்கள் உயரத்தில் இருக்கிற உறவுக்காரரை நிற்கவைத்து, கோட்டை மட்டும் இழுத்து உள்ளே பெயிண்ட் நிரப்பாமல் விட்டுவிடுவாள். வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்பாள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. குடகில் காப்பித் தோட்ட வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொங்கல் சமயத்தில் அப்பாவும் அவரும் சேர்ந்துதான் கிளம்பிப் போனார்கள். அந்தப் பொங்கல் முடிவதற்குள்ளேயே, மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள், அப்பா மட்டும் திரும்பி வந்தார். கால் இரண்டும் கிழிந்து வீங்கியிருந்தன. தம்பியை முதலாளிக்குப் பிடித்துப்போய் அங்கேயே நிறுத்திக்கொண்டார், தனக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை என்றார். பிறகு அமிர்தி வழியாக வேலூர் போகிற வேனுக்கு டிரைவராகச் சேர்ந்தார். சித்தி எங்களோடே இருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அம்மாவோடு சேர்ந்து புளி தட்டுவாள், எனக்குப் பின்னல் போடுவாள், தினமும் குளித்து நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு முறை. அன்றைக்கென்று இரண்டு வேன் நிறைய வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். கேமராவும் தொப்பியுமாக அவ்வளவு பேர் எங்கள் வாசலில் நின்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் நின்றேன், அம்மா நின்றாள், சித்தி நின்றாள். அப்பா மட்டும் வேனைக் கழுவ வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டார். கரி அக்கா விடாமல் போய்க் கூட்டிவந்தாள்.

அப்பாவின் நிழலை வரைந்து முடித்ததும் சித்திதான் கேட்டாள். அவள் வாய் திறந்து யாரையும் ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, எங்க வூட்டுக்காரரையும் போடுவீங்களா? குடகுல கீறாரு."

"போடலாமே. அவர் எவ்வளவு உயரம்?"

"மாமா மாதிரிதான் இருப்பாரு" என்று அப்பாவைக் காட்டினாள்.

கரி அக்கா அப்பாவைப் பார்த்து, "அண்ணா, உங்க தம்பிக்காக இன்னொரு தரம் நில்லுங்க" என்றாள்.

அப்பா, "எனக்கு வேல கீதும்மா" என்றார். அம்மா உடனே, "நேரமாவுது, வுட்டுடுங்க" என்று குறுக்கே வந்தாள். ஆனால் கூட்டம் விடவில்லை. டீக்கடைக்காரர், "தம்பிக்காக ரெண்டு நிமிசம் நிக்க மாட்டியாப்பா?" என்று அப்பாவின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சுவர் ஓரம் நிறுத்தினார்.

அப்பா நின்றார். கோடு காலிலிருந்து மேலேறியது. முழங்கால், இடுப்பு, தொங்கிய கை, தோள். கரி தலைக்கு வந்தபோது சித்தி அருகே போனாள்.

"அங்க இல்லக்கா. இன்னும் மேல. அவரு மாமாவ வுட நாலு விரல் ஒசரம்." அப்பாவின் தலைக்கு மேலே சுவரில் நாலு விரலைப் படுக்கவைத்துக் காட்டினாள். "வாசப்படில இடிச்சுக்குவாரு. இங்க. இதோ, இது வரைக்கும் வருவாரு."

அப்பா திரும்பி அந்த விரல்களைப் பார்த்தார். அப்புறம் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினார்கள். அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவன் இல்லம்மா! அவன் இல்ல!"

சித்தி விரலை எடுக்காமல் குனிந்து பார்த்தாள்.

"குடகுக்கெல்லாம் நாங்க போவலம்மா. மேஸ்திரி ஆந்திரா காட்டுக்கு செம்மரம் வெட்ட இட்டுக்கினு போனான். பாரஸ்ட்டு ஆளு வராங்கன்னு இருட்டுல ஓடசொல்ல பள்ளத்துல வுழுந்துட்டான். நான் எறங்கிப் பாக்கசொல்லவே மூச்சு இல்ல. இந்தக் கையாலதாம்மா மண்ணத் தள்ளினேன். வெளிய சொன்னா எல்லாருக்கும் கேஸு ஆவும்னு மேஸ்திரி சொன்னான். நானும் பயந்துட்டேன்."

மேலே கட்டியிருந்த துண்டுத் துணிகள் காற்றில் படபடத்தன. சித்தி அழுவாள் என்று எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்த நாளு மாமா?"

"வெள்ளிக்கெழம. மாட்டுப் பொங்கலுக்கு முந்தி வந்த வெள்ளிக்கெழம."

"அப்ப மூணு பொங்கலுக்குப் புதுப்பொடவ கட்டிக்கினேனா நானு?" என்றாள். "பூ வெச்சுக்கினேனே. மூணு பொங்கலுக்கும் வெச்சுக்கினேனே மாமா."

அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. மனுஷக் குரல் அப்படியும் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சுவரில் பாதி வரைந்து நின்ற உருவத்தின் மேல் அப்படியே சாய்ந்து இரண்டு கையாலும் அதைத் தட்டினாள். அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். டெய்லர் மனைவி வந்தாள். செல்போன் கடைக்காரரின் அம்மா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூந்தலை அவிழ்த்துவிட்டு, தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள்.

அப்போது வெளியூர்க்காரர்களின் கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

இரண்டு நாளாக இந்தத் தெருவில் எது நடந்தாலும் நாடகமாகத்தான் இருந்தது. அதைக் கேள்விப்பட்டு வந்தவர்கள் இதையும் அப்படி நினைத்துவிட்டார்கள். ஒருவர் தட்டியதும் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். கேமராக்கள் எழும்பின. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். கரி அக்கா, "நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க, இது நிஜம்!" என்று கத்திக்கொண்டு அவர்கள் முன்னால் ஓடினாள். கை தட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. கடைசியில் ஒரே ஒரு ஆள் மட்டும் தட்டிக்கொண்டிருப்பது கேட்டது.

அது நான்தான். எங்கள் வீட்டுக்குத்தான் பெரிய கூட்டம், எங்கள் வீட்டுக்குத்தான் நிறையக் கை தட்டல் என்ற பெருமையில் தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வட்டத்திலிருந்து எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்பு அவள் என்னை அடித்ததே இல்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் மலையில் செல்போனுக்கு டவர் கிடைக்கிற இடங்கள் அப்போது நாலோ ஐந்தோதான், அவை அப்பா வேன் ஓட்டுகிற வழியில் இருந்தன. மாதம் ஒருமுறை அப்பா வேலை முடிந்து வந்து என்னைத் தனியாகக் கூப்பிடுவார். "சித்தப்பா இன்னிக்கு பேசினாரு, நல்லா கீறாராம்னு சித்திகிட்ட சொல்லு" என்பார். அவராக ஒருநாளும் சித்தியிடம் சொன்னதில்லை. சித்தி மேல் ஏதோ கோபம், அதனால் பேசுவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஓடிப்போய்ச் சொல்லுவேன். சொன்னதும் சித்தியின் முகம் மாறும். அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பதற்காக நானாகச் சேர்த்துச் சொல்லுவேன். சோறு தின்றாயா என்று கேட்டார். தலைவலி போய்விட்டதா என்று கேட்டார். தீபாவளிக்கு உனக்குப் பச்சைப் புடவை எடுத்து வைத்திருக்கிறாராம். இதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

அன்று மத்தியானம் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். முகம் வீங்கியிருந்தது. குங்குமம் நெற்றி முழுக்க இழுபட்டிருந்தது.

"பாப்பா, பச்சப் பொடவன்னு சொன்னியே. அத யாரு சொன்னது?"

"சித்தப்பாதான்" என்றேன். மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயத்தில் சொன்னேன். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கன்னத்தைத் தடவிவிட்டாள்.

அன்று மாலை நடக்கவேண்டிய நாடகம் நடக்கவில்லை. திருவிழாக்காரர்கள் துணிக்கூரையைக் கழற்றினார்கள். கரி அக்கா மட்டும் கிளம்பவில்லை. சுவரைப் பழையபடி வெள்ளையடித்துத் தந்துவிட்டுப் போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள். சித்தி உள்ளேயிருந்து எழுந்து வந்து, "முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். மறுநாள் காலை சித்தி பக்கத்தில் நின்று அகலம், கழுத்து, காது எல்லாம் சொல்லச்சொல்ல, கரி அக்கா சித்தப்பாவை வரைந்து முடித்தாள். உள்ளே கருநீலத்தையும் நிரப்பினாள். யாரும் எதிரே நிற்காமல் அவள் வரைந்தது அந்த ஒன்றுதான்.

அப்பா அந்த வாரமே ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போய் நடந்ததை ஸ்டேஷனில் சொன்னார். பயந்தபடி கேஸும் வந்தது, வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார். இடத்தைக் காட்டச் சொல்லிக் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். பள்ளமெல்லாம் ஒன்றுபோல இருந்தது. மூன்று நாள் தேடியும் அப்பாவுக்கு அந்த இடம் தெரியவில்லை. காரியம் செய்ய எங்களுக்கு இருந்தது அந்தச் சுவர்தான். அதன் முன்னால் பதினாறு நாள் விளக்கு எரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போனதும், சித்தி ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்தாள். வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு சுவர் அருகே போனாள். உயரத்துக்கு எட்டவில்லை. அப்பா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அவள் ஏறியதும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார். முதலில் தலை போயிற்று, அப்புறம் தோள். ஒரு பூச்சுக்கு நீலம் மங்கலாகத் தெரிந்தது. காயவிட்டு இரண்டாவது பூச்சும் பூசினாள்.

நான் அலறினேன். "அழிக்காத! சித்தப்பாவ அழிக்காத!" என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். சித்தி இறங்கி வந்து சுண்ணாம்பு மட்டையை என்னிடம் நீட்டி, "நீயும் ஒரு கை பூசு பாப்பா" என்றாள். நான் அதைத் தட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் அண்ணன் ஜீப்போடு வந்தார். புதூர்நாட்டுப் பக்கம் அவள் அம்மா வீடு. சித்தி தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பாவிடம், "ஒடம்பப் பாத்துக்கோங்க மாமா" என்றாள். என்னைத் தேடினாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இரண்டு தரம் கூப்பிட்டாள், நான் வரவில்லை. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

சித்தப்பாவை அழித்துவிட்டுப் போகிறாளே, அவர் மேல் கொஞ்சமும் பாசம் இல்லையே என்று எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம். நாலு வருடம் கழித்து அவளுக்கு வேறு கல்யாணம் ஆயிற்று என்று கேட்டபோதும் அந்தக் கோபம் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஜீப் ஏறிய அன்று சித்திக்கு இருபத்துமூன்று வயதுதான் ஆகியிருந்தது. என் ஒன்பது வயதுக்கு அவள் பெரியவள், அவ்வளவுதான். அவளுக்கு என்ன வயது என்று நான் அப்போது யாரையும் கேட்டதே இல்லை.