அக்காவுக்குக் கொடுத்த பிளேயர்

புது டிவி வாங்கிய பிறகுதான் எங்கள் பழைய டிவிடி பிளேயரின் லட்சணம் தெரிந்தது. பெரிய திரையில் முகங்களெல்லாம் கலங்கித் தெரிந்தன. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் விசாரித்தபோது, கடைக்காரர் ஒல்லியான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"இருக்கறதுலயே இதான் வெல கம்மி. ஆனா அப்கன்வெர்ட் பண்ணும் மேடம். சாதா டிவிடியயே ஹெச்டி கணக்கா காட்டும். ஹெச்டிஎம்ஐ ஒயர் மட்டும் தனியா வாங்கிக்குங்க."

ஒயரையும் சேர்த்து வாங்கி வந்து, அன்று சாயங்காலமே எங்கள் கல்யாண டிவிடியைப் போட்டோம். என் நெற்றியில் வழிந்த வியர்வைகூடத் தெரிந்தது. என் கணவர் தன் பழைய மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

பழையது மேஜைக்கு அடியில் கிடந்தது. அதில் ஒரு கோளாறு இருந்தது. சில சமயம் டிவிடி உள்ளே சாய்ந்துகொண்டு கர்ரென்று உரசும். எங்களுடைய இரண்டு டிவிடிகளில் காம்பஸால் இழுத்த மாதிரி வட்டமாகக் கீறல் விழுந்து, அப்புறம் அவை ஓடவே இல்லை. ரிப்பேர்காரர் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். ஆனால் முக்கால்வாசி நேரம் ஒழுங்காகத்தான் ஓடும்.

அப்போது நான் வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ். அங்கே சத்துணவு சமைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் குடகில் காபித் தோட்ட வேலைக்குப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். ரேஷன் கார்டில் இருந்ததைத் தவிர அவருக்கு வேறு போட்டோ கிடையாது. அக்காவுடைய தம்பியின் கல்யாண வீடியோவில் மட்டும் அவர் இருந்தார். பாயச வாளியோடு வந்து, கேமராவைப் பார்த்து ஏதோ கேலி பேசுவாராம்.

"அவரு கொரலு அதுல மட்டுந்தான் டீச்சர் இருக்குது. வூட்டுல கவருமெண்டு டிவி இருக்குது, போட்டுப் பாக்கத்தான் பொட்டி இல்ல" என்று ஒருநாள் அக்கா சொன்னார்.

பழையதை அவருக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் சொன்னேன்.

"கீறுதுன்னு சொல்லிக் குடு" என்றார் கணவர்.

சரி என்றேன். மறுநாள் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். "நல்லா ஓடுமா டீச்சர்?" என்றார். மற்ற ஆசிரியைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து தள்ளிவிடுகிறேன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

"நல்லா ஓடும்க்கா" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பை சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தார். மூன்று தடவை போட்டுப் பார்த்தாராம், அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாமையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, பழைய துணியில் சுற்றிய டிவிடியோடு அக்கா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"நாந்தான் ஈரக் கையால தொட்டுட்டேன் போல. நடுவுல நின்னு நின்னு போவுது. உங்க புதுப் பொட்டியில ஒரு தபா போட்டுப் பாக்கறீங்களா?"

பிரிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் பிரித்தேன். அடிப்பக்கத்தில் வட்டமாக அதே கீறல்.

வீட்டில் புதுப் பிளேயரில் போட்டேன். பந்தி நடக்கும் இடம் வரைக்கும் பளிச்சென்று ஓடியது. கட்டம் போட்ட லுங்கியும் தோளில் துண்டுமாக, ஒல்லியாக ஒருவர் வாளியோடு வந்தார். கேமராவைப் பார்த்து வாயைத் திறந்தார். படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. பிறகு தாவி, மொய் எழுதும் இடத்துக்குப் போய்விட்டது. துடைத்துப் பார்த்தேன், பற்பசை தேய்த்துப் பார்த்தேன். எத்தனை தடவை போட்டாலும் அதே இடம்.

"சொன்னியா, இல்லியா?" என்று கணவர் கேட்டார். நான் டிவிடியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை சங்கராபுரம் போய், வீடியோ எடுத்தவரைத் தேடிப் பிடித்தேன். டிவிடிக்கு மாற்றியதும், முதலில் எடுத்த கேசட்டில் அப்போதே வேறு கல்யாணம் எடுத்துவிட்டதாகச் சொன்னார். கடைசியில், அந்த மனிதர் வாளியோடு நடந்து வரும் சில நொடிகளை டிவியிலிருந்து என் போனில் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு சமையலறைக்குப் போனேன். அக்கா அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். கையை உதறிவிட்டு, தொடாமலே குனிந்து பார்த்தார்.

"இதுக்கப்பறந்தான் டீச்சர் பேசுவாரு" என்றார்.

"அது வரலைக்கா. போயிடுச்சு."

"எல்லாம் என்னாலதான். பத்தரமா வச்சிருக்கணும்."

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க தப்பு இல்லக்கா. அந்தப் பிளேயர் டிவிடியக் கீறும். எங்க வூட்டுலயே ரெண்டு போயிருக்கு" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"தெரிஞ்சிதான் குடுத்தீங்களா?"

"தெரியும்க்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா இதப் போட்டிருக்க மாட்டேனே. வேற எங்கனா போயி பாத்துட்டு வந்திருப்பேன்" என்றார்.

புதுப் பிளேயரை அவரே வைத்துக்கொள்ளட்டும், நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றேன்.

"அதுல இன்னாத்தப் போட்டுப் பாக்கறது டீச்சர்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார். டிவிடியை மட்டும் திருப்பித் தரச் சொன்னார். கொடுத்தேன். அதே துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டாவைக் கழுவக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாளும் எனக்குச் சோறு எடுத்து வைத்தார், எப்போதும் போலப் பேசினார். அந்த வீடியோவைப் பற்றி மட்டும் பிறகு ஒரு வார்த்தையும் இல்லை. மாற்றல் வாங்கி நான் மலையை விட்டு இறங்கும் வரைக்கும், மன்னித்துவிடுங்கள் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. கீறும் என்று சொன்னதே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் உண்மையைச் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் கணவர், "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. நல்ல மாதிரி எடுத்துக்கினாங்க" என்றேன்.